வலது பக்கத்து பிரேக்

என் கணவருக்கு எங்கள் காரில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பக்கத்து சீட்டின் முன்னால், கால் மிதியடிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத பிரேக். நான் ஓட்டும்போது முன்னால் போகிற வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், அவருடைய வலது கால் போய் அதை அழுத்தும். கூடவே வாயிலிருந்து "ஸ்ஸ்" என்று, விசில் வருவதற்கு முந்தைய குக்கர் மாதிரி ஒரு சத்தம். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் ஈரம் காய்வதற்குள் ஒரு பெரிய விமானக் கண்காட்சிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனதைப் பற்றிச் சொல்லச் சொன்னால், எல்லோரும் மேகம், காற்று, ரேடியோ என்று எதிர்பார்க்கிறார்கள். நான் இந்த பிரேக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கல்யாணமாகி நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் குடித்தனம் வைத்த புதிதில், அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், ஞாயிற்றுக்கிழமைகளில். அப்போது அந்தக் கால் பிரேக்குக்குப் போனதில் நியாயம் இருந்தது. குப்பைத் தொட்டியை இரண்டு முறை இடித்திருக்கிறேன். அதன்பிறகு டெக்சஸுக்கு வந்து, ரிச்சர்ட்சனில் வீடு வாங்கி, ஆலங்கட்டி மழையிலும் ஃப்ரீவேயின் ஓயாத ரிப்பேர் வேலைகளிலும் தினம் ஆபீசுக்கு ஓட்டி, மகளை டேகேரிலிருந்து காலேஜ் வரைக்கும் கொண்டு சேர்த்துவிட்டேன். என் பெயரில் ஒரு போலீஸ் அபராத டிக்கெட் கிடையாது. அவர் மட்டும் அந்த வாத்தியார் வேலையிலிருந்து இன்னும் ராஜினாமா செய்யவில்லை.

மகள் காலேஜுக்குப் போன வருஷம் ஆபீசில் என் பிறந்தநாளுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். சின்ன விமானத்தில் ஒரு அறிமுகப் பாடம். விளையாட்டுக்குத்தான் கொடுத்தார்கள், நான் பயந்து அலறுகிற போட்டோ வேண்டும் என்று. போனேன். மேலே ஏறியதும் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்தார்கள், பிடித்தேன், விமானம் என் சொல் கேட்டது. இறங்கிய கையோடு அடுத்த வகுப்புக்கு நாள் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று பலர் துருவிப் பார்த்துவிட்டார்கள். இல்லை. வீட்டு விருந்துகளில் ஒரு ஆன்ட்டி பார்க்கிற போதெல்லாம், "ஏம்மா, இந்த வயசுல வீணை கத்துக்கலாம்ல?" என்று கேட்பார். வீணையும் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவள்தான் நான் என்பது அவருக்குத் தெரியாது.

ஒன்றரை வருஷத்தில் லைசென்ஸ் கையில் வந்தது. சினேகிதியைக் கூட்டிப் போனேன், ஆபீஸ்காரர்களைக் கூட்டிப் போனேன், விடுமுறைக்கு வந்த மகளைக் கூட்டிப் போனேன், அவள் ஹாஸ்டல் தோழிகளுக்கு வீடியோ அனுப்பினாள். கணவர் மட்டும் வரவில்லை. கேட்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சாக்கு. கழுத்து வலி. இந்தியாவிலிருந்து போன். "ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம்டா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்." வேறெந்தக் காரியத்துக்கும் ராகு காலம் பார்க்காத மனிதர், வீட்டுக் கடனில் கையெழுத்துப் போட்டதே நட்ட நடு எமகண்டத்தில். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். ஆனால் சொல்லத்தான் வேண்டும், எனக்கு வலித்தது. ஊரே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தது, என் வீட்டு மனிதருக்கு மட்டும் நான் இன்னும் குப்பைத் தொட்டியை இடித்தவள்.

அப்போதுதான் அந்தக் கண்காட்சிப் பேச்சு வந்தது. எங்கள் ஊரிலிருந்து சின்ன விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய, பருத்தி வயல்களுக்கு நடுவே இருக்கிற ஒரு ஊர். வருஷம் முழுக்க அந்த ஏர்போர்ட்டில் ஈ ஓட்டுவார்கள். அக்டோபரில் ஒரு வாரக்கடைசியில் மட்டும் நாலா பக்கத்திலிருந்தும் விமானங்கள் வந்து குவியும். சாகசம் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் தாங்களே ஓட்டிக்கொண்டு வருவார்கள். நான் விமானம் வாடகைக்கு எடுக்கிற கிளப்பில் வருஷா வருஷம் இதே பேச்சுத்தான். போய் வந்தவர்கள், போகாதவர்கள் என்று அங்கே இரண்டு ஜாதி.

அங்கே இறங்குவதற்குத் தனி முறை இருக்கிறது. அதைச் சொல்லும் கையேட்டைக் கிளப்பில் கொடுத்தார்கள், நம் ஊர் கல்யாண சமையல் சாமான் பட்டியலைவிட நீளம். சாரம் இதுதான். ஒரு தண்ணீர் டேங்க் இருக்கிறது. அதற்கு மேலே எல்லோரும் வந்து சேர வேண்டும். அங்கிருந்து ஒரு ரயில் பாதை. அதன்மேலேயே, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் வர வேண்டும். முந்தக் கூடாது. ரேடியோவில் வாயைத் திறக்கக் கூடாது. கீழே பைனாகுலரோடு நிற்பவர்கள் நிறத்தை வைத்துக் கூப்பிடுவார்கள், நாம் பதிலுக்கு இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். சரி என்று அர்த்தம். நம் ஊர்த் தலையாட்டல்தான். பிறகு ஓடுபாதையில் பெரிய வண்ணப் புள்ளிகள் போட்டிருப்பார்கள். பச்சை என்றால் பச்சையில், ஆரஞ்சு என்றால் ஆரஞ்சில் இறங்க வேண்டும். ஒரே ஓடுபாதையில் ஒரே நேரத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று பேர் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

இறக்கையை ஆட்டுகிற சங்கதியைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பயிற்சிக் காலத்தில் என்னைப் படாத பாடு படுத்தியது ரேடியோதான். பதற்றம் வந்தால் என் இங்கிலீஷ் ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடும். ஏர்போர்ட் கண்ட்ரோல் டவரிலிருந்து "ஸே அகெய்ன்?" என்பான், மறுபடி சொல்வேன், மறுபடியும் "ஸே அகெய்ன்?" அப்படிப்பட்டவளிடம், பேசாதே, தலையை மட்டும் ஆட்டு என்றால் கசக்குமா?

கிளப்பில் ஒரு விதி. லைசென்ஸ் வாங்கி வருஷம் ஆகாதவர்கள் இந்த மாதிரிக் கூட்டமான இடத்துக்குப் போக வேண்டுமானால் பயிற்சியாளர் சரி சொல்ல வேண்டும். என் பயிற்சியாளருக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். சூயிங்கம் மெல்லுகிற டெக்சஸ்காரன், என்னை "மேம்" என்பான். அவனோடு ஒரு மாதம் இதையே ஓட்டிப் பழகினேன். ஒரே உயரம், ஒரே வேகம், கீழே ஒரு ரயில் பாதை. முன்னால் ஒரு விமானம் மெதுவாகப் போவதாக அவன் சொல்வான், நான் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓடுபாதையில் ஒரு கோட்டைக் காட்டி இதில் இறங்கு என்பான். ஆரம்பத்தில் என் விமானம் கோட்டைத் தாண்டி அடுத்த மாவட்டத்தில் போய் உட்கார்ந்தது. நாளாக ஆக, சொன்ன இடத்தில் உட்கார ஆரம்பித்தது.

கடைசியில் அவன் சொன்னான்: "மேம், உங்கள் கை தயார். ஆனால் தனியாகப் போகக் கூடாது. அந்த வரிசையில் உங்கள் இரண்டு கண் போதாது. பக்கத்து சீட்டில் இன்னும் இரண்டு கண் வேண்டும். நல்ல கண், மூடின வாய். அப்படி யாராவது இருக்கிறார்களா?"

நல்ல கண் என்றதும் எனக்கு என் கணவர்தான் ஞாபகம் வந்தார். ஃப்ரீவேயில் பாலத்துக்குப் பின்னால் போலீஸ் கார் ஒளிந்திருந்தால், மற்றவர்கள் பாலத்தையே பார்ப்பதற்குள் இவர் காரைப் பார்த்துவிடுவார். மூடின வாய்க்கு நான் எங்கே போவேன்?

அன்றைக்கு வீட்டில் கையேட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அவர் மஞ்சள் மார்க்கரோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பொருள் வாங்கினாலும் கூட வருகிற விதிமுறைகளை முழுக்கப் படிக்கிற ஒரே மனிதர் உலகத்தில் அவர்தான். பாதியில் நிமிர்ந்து கேட்டார்.

"இதுக்கு நீ தனியாவா போறதா இருக்க?"

"ஆள் தேடிட்டு இருக்கேன்."

"முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், எல்லாரும் ஒரே லைன்ல. பைத்தியமா இவனுங்க?" என்றார். கொஞ்ச நேரம் மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "நான் வரேன்."

ஆசையில் சொன்னது இல்லை, பயத்தில் சொன்னது. தெரிந்தும் எனக்கு அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் போட மறந்துபோகிற அளவுக்கு சந்தோஷம்.

முதலில் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றான் பயிற்சியாளர். அவன் பின் சீட்டில், கணவர் என் வலப் பக்கத்தில். மேலே போன பிறகு எனக்கே ஆச்சரியம். வாயை மூடிக்கொண்டிருந்தார். விமானம் கண்ணில் பட்டால் மட்டும், கடிகார முள் கணக்கில், "ரெண்டு மணில ஒருத்தன், கொஞ்சம் மேல" என்றார். பயிற்சியாளர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இவர் அடுத்ததைச் சொல்லிவிடுவார். "இவரை எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றான் அவன். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இறங்க வந்தேன். சக்கரம் அழகாகத் தரையைத் தொட்டது.

அடுத்த நொடி விமானம் வலப் பக்கமாக வெட்டி இழுத்தது. டயர் கீச்சிட்டது. ஓடுபாதை ஓரத்து விளக்கு நேராக என்னைப் பார்த்து வந்தது. எப்படித் திருப்பினேன், எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் கோர்வையாகச் சொல்லத் தெரியாது. நின்ற பிறகு பார்த்தால், அவருடைய வலது கால் பெடலின் மேல் அடி வரைக்கும் இறங்கியிருக்கிறது. இந்தச் சின்ன விமானங்களில் இரண்டு பக்கமும் பெடல் உண்டு. அதன் நுனியை அழுத்தினால் பிரேக். வலது காலால் அழுத்தினால் வலது சக்கரம் மட்டும் நிற்கும். இருபது வருஷமாகக் காரில் இல்லாத பிரேக், இங்கே நிஜமாகவே இருந்தது.

காலை வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சீட்டையும் முழுக்கப் பின்னால் தள்ளியிருந்தோம். என்ன பிரயோஜனம், மனிதருக்கு உடம்பில் பாதிக்கு மேல் கால்தான். எட்டிவிட்டது.

பயிற்சியாளர் சூயிங்கம்மை மெல்வதை நிறுத்தியிருந்தான். விமானத்தைக் கட்டிவைத்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணுக்கு முழு மார்க். ஆனால் அந்தக் கால் வர முடியாது" என்றான். பின் சீட்டில் உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். அங்கிருந்து முன்னால் ஒன்றும் தெரியாது, அவர் வெறும் மூட்டையாகத்தான் வருவார் என்றான். கிளப்பிலேயே ஒரு மூத்த பைலட் கூட வரத் தயாராக இருக்கிறார், அவரோடு போகிறேன் என்றால் இப்போதே சரி. கண்காட்சிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். ஃப்ரீவேயில் ஏறினோம். முன்னால் ஒரு டிரக் வேகம் குறைத்தது. பக்கத்தில் மிதியடியின் மேல் கால் அழுந்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"இருபது வருஷங்க! இருபது வருஷமா நான் ஓட்டுறேன். ஒரு நாளாவது நிம்மதியா உக்காந்து வந்திருக்கீங்களா? யார் யாரோ என்னை நம்பி ஏறுறாங்க. உங்களுக்கு மட்டும் நான் என்ன பண்ணினா நம்பிக்கை வரும்? இன்னைக்கு மூணு பேரையும் கொன்னிருப்பீங்க!"

 வீட்டு கராஜில் வண்டியை நிறுத்தி, நான் இறங்கப் போகும்போதுதான் அவர் சொன்னார்.

"நான் போடலம்மா. கால் தானா போகுது."

"அப்ப காலைக் கழட்டி வெச்சிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். அன்று சாயங்காலமே, அந்த மூத்த பைலட்டோடு போகப் போவதாகக் கணவரிடம் சொல்லியும் விட்டேன். "சரி" என்றார். அந்த "சரி" எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காய்கறி வாங்க இண்டியன் ஸ்டோருக்குக் கிளம்பினேன். கராஜில் அவர் எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். செருப்பு வெளியே கிடந்தது. சீட்டைப் பின்னால் தள்ளி, அதன்மேல் சப்பணம் போட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கல்யாணப் பந்தியில் இலை போடக் காத்திருப்பவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"ஓட்டு. காலு கீழ இருந்தாத்தானே போகும்?"

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். முதல் சிக்னலிலேயே அந்தக் கால் தொடைக்கு அடியிலிருந்து துள்ளியது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. "ஸ்ஸ்" மட்டும் வந்தது. "சத்தமும் கூடாது" என்றேன். தலையை ஆட்டினார். பக்கத்து லேனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கார் கண்ணாடியை இறக்கி இவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவர் கும்பிடு போட்டார்.

அதிலிருந்து எங்கே போனாலும் சப்பணம்தான். ஆபீஸ் முடிந்து வந்ததும், "வா, ஒரு ரவுண்டு போலாம்" என்று அவரே கூப்பிடுவார். கூட்டமான நேரமாகப் பார்த்து ஃப்ரீவேயில் ஏறச் சொல்வார், பிரேக் விளக்குகள் அதிகம் எரிய வேண்டுமாம். ராத்திரி இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார். மகளுக்குப் போனில் சொன்னேன். "அம்மா, ஜஸ்ட் டேக் அன் ஊபர்" என்றாள். அவள் அப்பா பின்னாலிருந்து, "நீ உன் பரீட்சையைப் பாரு" என்று கத்தினார். "ஸ்ஸ்" சத்தம் குறைந்தது. ஒரு வியாழக்கிழமை வீடு வந்து சேரும் வரை அது வரவேயில்லை. 

இன்னொரு ஒத்திகைக்குப் பயிற்சியாளரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டில் அவர் சப்பணம் போட்டதைப் பார்த்து அவன் சூயிங்கம்மை விழுங்கியிருப்பான். "இது யோகாவா?" என்று கேட்டான்.

"நோ, லஞ்ச்" என்றார் என் கணவர்.

பையன் சிரித்தாலும் வேலையில் கறார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். வலப் பக்கத்து ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் தள்ளி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முழங்காலில் எங்கேயாவது இடிக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இடிக்கவில்லை. ஏறி ஏறி இறங்கினோம்.  விமானம் ஒவ்வொரு முறையும் நேராகவே ஓடியது. கடைசியில் அவன் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "போய் வாருங்கள், மேம்" என்றான். மூத்த பைலட்டுக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பினேன்.

கண்காட்சி நாள் சனிக்கிழமை. ஒரு டஜன் பேர் சாப்பிடுகிற அளவுக்குக் கணவர் எலுமிச்சை சாதம் கட்டியிருந்தார். விமானத்தில் எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்று பாதியை இறக்கி வைத்தேன். மறுபடி பார்த்தால் ஊறுகாய் பாட்டில் அவர் ஜாக்கெட் பையில் இருந்தது. கிளம்புகிற நேரத்தில் மூடுபனி. அது விலகி, எங்களுக்கு வழி கிடைத்தபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை என்ன நேரம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் வைத்துவிட்டுக் காலை மடித்தார்.

தண்ணீர் டேங்க் வரைக்கும் சொல்லும்படியாக எதுவும் இல்லை. அதன்பிறகு வானம் கோயம்பேடு ஆகிவிட்டது. வலது, இடது, மேலே, கீழே என்று எங்கே பார்த்தாலும் விமானம். "பத்து மணில ஒருத்தன். அவன் போறான், விட்ரு. மூணு மணில ஒருத்தன், நம்ம கூடவே வரான். நமக்கு முன்னாடி மஞ்சள், அவன் பின்னாடி புகுந்துக்கோ." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மஞ்சள் விமானத்தின் பின்னால் ரயில் பாதையில் சேர்ந்துகொண்டேன். ரேடியோவில் ஒரு பெண் குரல், வெள்ளை விமானம், நீலக் கோடு, இறக்கையை ஆட்டு என்றது. நாங்கள்தான். ஆட்டினேன். "நல்ல ஆட்டம்" என்றாள். முழு மார்க் வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மஞ்சளுக்குப் பச்சைப் புள்ளி, எனக்கு அதைத் தொடுவதற்கு முன்பே வருகிற ஆரஞ்சு. மஞ்சள் இறங்கியது. இறங்கி ஓடி, இடப் பக்கம் புல்லுக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குள் நான் ஆரஞ்சில் இறங்குவேன். கணக்கு அதுதான். ஆரஞ்சு என் மூக்குக்கு நேராக வந்தது, சக்கரம் அதன்மேலேயே உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் மஞ்சள் புல்லுக்குத் திரும்பவில்லை. ஓடுபாதை நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. நான் வருகிற வேகத்தில் அதன் வால் பெரிதாகிக்கொண்டே வந்தது. ரேடியோவில் அந்தப் பெண் மஞ்சளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

கார் ஓட்டுகிற யாரும் அந்த நொடியில் காலைத் தூக்கி ஓங்கி அழுத்துவார்கள். அப்படி அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஒரு பக்கம் கூடினால் விமானம் சுழலும். இரண்டு காலும் ஒரே அளவில், மெல்ல ஆரம்பித்து, பிறகுதான் அழுத்தம் கூட்ட வேண்டும். மனது "போடு போடு" என்று அலறுகிறபோது மெல்ல ஆரம்பிப்பது எத்தனை கஷ்டம் என்பதை அனுபவித்தால்தான் தெரியும். என் காதில் அப்போது ரேடியோ விழவில்லை. வலப் பக்கத்திலிருந்து "ஸ்ஸ்" வருகிறதா என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. விமானம் ஒரு விரல் கூட விலகாமல் நேராக ஓடி, மெதுவாகி, மெதுவாகி, மஞ்சளுக்கு நல்ல தூரத்திலேயே எனக்குக் கட்டுப்பட்டது. மஞ்சள் ஒரு வழியாகப் புல்லுக்குள் இறங்கியது. நானும் பின்னாலேயே இறங்கினேன். "நல்ல வேலை, நீலக் கோடு, வருக" என்றாள் அந்தப் பெண். அதற்கு ஆட்டுவதற்கு இறக்கை என் வசத்தில் இல்லை, தலையை ஆட்டினேன்.

கொடி பிடித்த பிள்ளைகள் வழிகாட்ட, மேடு பள்ளத்தில் குலுங்கிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். விசிறி நின்றது. வெளியே புல் வாசனை, தூரத்தில் யாரோ மைக்கில் பேசுகிற சத்தம். கிளப்பில் இனி நான் போய் வந்த ஜாதி. அது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. திரும்பி அவரைப் பார்த்தேன்.

சப்பணம் கலையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"வந்தாச்சுங்க. இறங்கலாம்."

"இரு. கால் மரத்துப் போச்சு."

"கையை எடுங்க, தேச்சு விடறேன்."

எடுக்க மாட்டேன் என்றார். நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன். வலது உள்ளங்கை ரத்தம் கட்டினது போல் சிவந்திருந்தது. நடுவில் கட்டைவிரல் நகம் பதிந்து ஆழமாக ஒரு பிறைத் தடம். கால் கட்டைவிரல் நகம். கால் போகாமல் இல்லை. ரயில் பாதையிலிருந்து இந்தப் புல் வரைக்கும் அது போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது. அத்தனை அழுத்தத்தையும் கையைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். வெளியே மஞ்சள் விமானத்தைப் பார்த்துக்கொண்டு, பழைய வாத்தியார் குரலில் சொன்னார்:

"கொஞ்சம் லேட்டாத்தான் பிரேக் போட்ட நீ. நான் அப்பவே போட்டுட்டேன்."